பெரியம்மா காலமான மூன்று தடவைகள்

கடன்பட்டவனுக்குத்தான் ஓர் ஊரில் எத்தனை ஒழுங்கைகள் இருக்கின்றன என்பது தெரியும். மானிப்பாயில் பிறந்து வளர்ந்த எனக்கு முப்பத்தெட்டு வயதுவரை பெரிய றோட்டையும் எங்கள் வீட்டு ஒழுங்கையையும் தவிர வேறொன்றும் தெரியாது. முப்பத்தொன்பதாவது வயதில் நாய் குறுக்கே படுக்கிற ஒழுங்கை, வேலிமுள் சேட்டைக் கிழிக்கிற ஒழுங்கை, எதிரே ஆள் வந்தால் மதிலோடு ஒட்டி நிற்க வேண்டிய ஒழுங்கை எல்லாமே அத்துப்படி. வீட்டிலிருந்து நான் படிப்பிக்கிற ரியூட்டரிக்கு ஐந்து நிமிடத்தில் போகலாம். நான் இருபத்தைந்து நிமிடத்தில் போனேன். பொன்னம்பலம் அண்ணையின் ஹாட்வெயார் கடை பெரிய றோட்டில் இருந்ததுதான் காரணம்.

இதில் பெரிய வெட்கக்கேடு, நான் கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார். சாதாரண தரப் பரீட்சை எடுக்கிற பிள்ளைகளுக்கு வணிகமும் கணக்கீடும். ஐந்தொகையின் ஒரு பக்கத்தில் சொத்து, மறு பக்கத்தில் கடன், இரண்டு பக்கமும் சமப்பட வேண்டும் என்று தொண்டை வறளச் சொல்லிக் கொடுப்பேன். "கடனைக் கட்டக் கையிலை ஒண்டுமில்லாதவனுக்கு என்ன பெயர்?" என்று வெண்கட்டியை ஆட்டிக்கொண்டு கேட்பேன். "வங்குரோத்து, சேர்!" என்று கொட்டில் அதிரக் கத்துவார்கள். (பதில் சரி. ஆளை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு சொல்கிறோம் என்பதுதான் பாவம், அவர்களுக்குத் தெரியாது.)

நான் விழுந்தது ஐஸ்கிறீமில். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற சனத்தைப் பார்த்துவிட்டு, இத்தனை வாயில் நூறில் ஒன்று என் கடைப் பக்கம் திறந்தாலே போதும் என்று கணக்குப் போட்டேன். கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கடையறையை வாடகைக்கு எடுத்தேன். சீட்டெடுத்த காசோடு என் மனைவி சுகந்தியின் பதக்கச் சங்கிலியை அடகு வைத்த காசையும் சேர்த்து ஒரு மெசின் வாங்கினேன். பிடியை இழுத்தால் ஐஸ்கிறீம் சுருண்டு சுருண்டு வரும். கடை முகப்புக்குத் தகரமும் சீமெந்தும் பெயின்றும் பொன்னம்பலம் அண்ணை கடனாகத் தந்தார். முதலாளி என்றால் நடந்து திரியலாமா? லீசிங்கில் ஒரு ஸ்கூட்டரும் எடுத்தேன்.

சங்கிலி விஷயம் சுகந்திக்குத் தெரியாது. அது அவளுக்கு அவளுடைய தாய் கழற்றிப் போட்டது. எங்கே என்று ஒருமுறை கேட்டாள். "வங்கியிலை பத்திரமா இருக்கு" என்றேன். (பொய் என்று சொல்ல முடியாது. அடகு நகையை அவர்கள் இரும்பு அலுமாரிக்குள்தான் பூட்டி வைக்கிறார்கள்.)

மெசின் வந்து ஆறு மாதத்தில் நாடே வங்குரோத்தாகிவிட்டது. நாளில் பாதி மின்சாரம் இல்லை. ஜெனரேற்றர் இருந்தது, டீசல் இல்லை. டீசல் வரிசையில் நின்றுவிட்டு வந்து பிடியை இழுத்தால் வந்தது ஐஸ்கிறீம் அல்ல, பாயாசம். அதையும் கோப்பையில் ஊற்றிப் பாதி விலைக்கு விற்றுப் பார்த்தேன். குடித்தவர்கள் திரும்பி வரவில்லை. கடைசியில் கடையைப் பூட்டி, மெசினை வீட்டு மாட்டுக் கொட்டிலில் கொண்டுவந்து வைத்துப் படங்கு போட்டு மூடினேன். நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்கள் மேசையைச் சுற்றியிருந்து பேசித் தவணை கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்தவர்கள் வந்து கேற்றைத் தட்டினார்கள்.

அப்போதுதான் என் படிப்பு கைகொடுத்தது. நான்கு கோடு போட்டு, அழகான எழுத்தில் ஒரு 'கடன்கொடுத்தோர் பட்டியல்' தயாரித்தேன். பெயர், தொகை, தவணை. நான்காவது நிரல்தான் என் சொந்தக் கண்டுபிடிப்பு: 'குறிப்பு'. யார் எப்படிப்பட்டவர், யாருக்கு என்ன சாட்டுச் சொன்னேன் என்பதெல்லாம் அதில். இதில் ஒழுங்கு மிகவும் அவசியம். புத்தூரில் என் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். அப்போது எழுபத்தாறு வயது, தனியாக வெங்காயத் தோட்டம் செய்கிறார், இன்றுவரை ஒரு பனடோல் போட்டதில்லை. அவசரத்துக்கு அவரைத்தான் சாகடிப்பேன். குறிப்பெழுதி வைக்காவிட்டால் ஒரே ஆளிடம் இரண்டு தரம் சாகடித்துவிடுவேன் அல்லவா?

இதே காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில், சம்பளத்தைச் செலவு வாரியாக என்வலப்புகளில் பிரித்து வைத்தால் கடன் பறந்துவிடும் என்று வாசித்தேன். உடனே ஐம்பது வெள்ளை என்வலப் வாங்கினேன். (கடனுக்கு.) அரிசிக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, கரண்ட் பில்லுக்கு ஒன்று. பத்தாம் திகதிக்குப் பிறகு எல்லாவற்றிலும் காற்று மட்டும் இருந்தது. பட்டியலையும் அப்படியொரு என்வலப்பில் போட்டு ஒட்டி, மேலே ஒன்றும் எழுதாமல், எந்நேரமும் சேட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வீட்டில் வைத்தால் சுகந்தியின் கையில் அகப்பட்டுவிடும்.

இப்படியிருக்கையில் பொன்னம்பலம் அண்ணையின் மகளுக்குக் கலியாணம் வந்தது. பதினெட்டு மாதமாக என்னிடம் ஒரு சதமும் காணாத மனிதர், வீடு தேடி வந்து வெற்றிலை வைத்துச் சொன்னார். போகாமல் இருக்க முடியுமா? ஐயாயிரம் ரூபாயை எப்படியோ மிச்சம் பிடித்து, ஒரு புது என்வலப்பில் போட்டு ஒட்டினேன். பொக்கற்றில் வைத்தேன். ஒரே பொக்கற்றில்.

மண்டபத்தில் அறுகரிசி போட்டு வாழ்த்த வரிசையில் நின்றபோதுதான் பெயர் எழுதவில்லை என்பது ஞாபகம் வந்தது. முன்னால் நின்றவரிடம் பேனை வாங்கி, கையில் வந்த என்வலப்பில், 'மணமக்கள் எல்லாச் செல்வமும் பெற்று வாழ்க. அன்புடன் சிவநேசன் குடும்பம்' என்று என் அழகான எழுத்தில் எழுதி மாப்பிள்ளையின் கையில் வைத்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு பொக்கற்றைத் தடவினேன். என்வலப் ஒன்று இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஐயாயிரம் ரூபாய்த் தாள் தெளிவாகத் தெரிந்தது. அப்படியானால் மாப்பிள்ளையின் கைக்குப் போனது பட்டியல்.

பின்னேரம் நான்கு மணிக்குப் பொன்னம்பலம் அண்ணை வீட்டுக்கு ஓடினேன். திட்டம் சுலபமானது. என்வலப் பை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது, ஆளில்லாத நேரம் கையை விடுவது. (ஆம், களவுதான். கணக்கு வாத்தியாரின் கடைசிப் படி.) சுகந்தி ஏற்கெனவே அங்கே குசினியில் உதவிக்கு நின்றாள். விறாந்தையில் பாய் விரித்து, நடுவில் துணிப்பையைக் கொட்டி, என்வலப்புகள் சிறு மலையாகக் கிடந்தன. யார் எவ்வளவு தந்தார்கள் என்று கொப்பியில் எழுதி வைத்தால்தானே, நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்யலாம்.

"ஆ, கணக்கு வாத்தியாரே வந்திட்டார்!" என்றார் பொன்னம்பலம் அண்ணை. "இரும் தம்பி, நீரே எழுதும். உம்மடை எழுத்து வடிவு."

கொப்பியும் பேனையும் என் மடியில் விழுந்தன. பிரித்து வாசிக்கிறவர் அண்ணையின் அக்கா தங்கம் ரீச்சர். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கத்திப் பழகியவர். அவர் மெதுவாகப் பேசினால் பக்கத்து வளவில் கோழி எழும்பும். அவருக்குப் பக்கத்தில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த ஆளைக் கண்டதும் கொப்பிக்குள் தலையைக் குனிந்தேன். குருநகர் ஜெசிந்தா அக்கா. சந்தையில் மீன் வியாபாரம், பக்கத்தொழிலாகச் சீட்டு. அவரிடம்தான் நான் சீட்டெடுத்துவிட்டு ஒளித்துத் திரிகிறேன். மணப்பெண்ணின் தாயும் அவரும் நெடுநாள் சினேகிதம் என்பதை என் பட்டியலில் குறிக்கத் தவறிவிட்டேன்.

தங்கம் ரீச்சர் வாசிக்க நான் எழுதினேன். "கந்தையா குடும்பம், மூவாயிரம்." எழுதினேன். "தபாற்கந்தோர் ஊழியர்கள், பத்தாயிரம்." எழுதினேன். கண் மட்டும் மலையில். என் என்வலப் மூன்றாவது அடுக்கில் மூலையை நீட்டிக்கொண்டிருந்தது. வெற்றிலைத் தட்டத்தை எடுக்கிற சாட்டில் கையை நீட்டினேன். "சேர், நீர் எழுதும், நான் எடுக்கிறன்" என்று ரீச்சர் என் புறங்கையில் தட்டினார். பிறகு கரண்ட் நிற்கட்டும் என்று நல்லூரானை வேண்டினேன். (ஐஸ்கிறீம் விற்கும்போது நிற்கவேண்டாம் என்று வேண்டினேன், நின்றது. இப்போது நிற்கட்டும் என்றேன், மின்விசிறி சுழன்றுகொண்டே இருந்தது. அதோடு அது பட்டப்பகல்.)

"இது சேரின்ரை!" என்றார் ரீச்சர். "மணமக்கள் எல்லாச் செல்வமும் பெற்று வாழ்க. பார், எவ்வளவு வடிவா எழுதியிருக்கிறார்." கிழித்தார். விரித்தார். கண்ணாடியைச் சரி செய்தார். "பொன்னம்பலம் அண்ணை, ஒரு இலட்சத்து எண்பதாயிரம்."

பொன்னம்பலம் அண்ணை எழும்பிவிட்டார்.

"தம்பி நேசன்!" அவர் இரண்டு கையையும் விரித்தார். "கலியாணச் செலவு நேரம் எண்டு பாத்து முழுக்காசையும் செக்கா எழுதிக் கொண்டந்தனீரோ? நான் உம்மைப் பிழையா நினைச்சுப்போட்டன், ராசா." என்னைக் கட்டிப் பிடித்தார். அவருடைய தோளில் என் முகம் இருந்த அந்தப் பத்து விநாடிதான் என் வாழ்க்கையிலேயே மிகவும் மரியாதையான பத்து விநாடி.

"பொறு தம்பி, பக்கத்திலை ஏதோ குறிப்பு இருக்கு" என்றார் ரீச்சர். "நல்ல மனிசன். கண்ணிலை தண்ணி விட்டால் மூண்டு மாதம் பொறுப்பார். ரெண்டு தரம் பாவிச்சாச்சு. ஆவணியில் பெரியம்மா செலவு." அவர் நிறுத்தவில்லை. எழுத்தென்று கண்டால் முழுதும் வாசித்து முடிக்கிற சாதி. "ஜெசிந்தா அக்கா, தொண்ணூற்றாறாயிரம். சத்தம் போடுவா. மீன் சந்தைப் பக்கம் போகக் கூடாது. சித்திரையில் பெரியம்மா. லீசிங், ரெண்டு இலட்சத்துப் பதினையாயிரம். மார்கழியில் பெரியம்மா. மரண அத்தாட்சிப் பத்திரம் கேட்கிறாங்கள், கவனம்."

பொன்னம்பலம் அண்ணை கட்டிப்பிடித்த கையை மெல்ல எடுத்தார்.

"சித்திரையிலையோ?" ஜெசிந்தா அக்கா பிளேன்ரீக் கோப்பையை நிலத்தில் வைத்தார். "அண்ணை, உங்களுக்கு அந்த மனிசி எப்ப செத்தது?"

"எனக்கு ஆவணியிலை. செத்தவீட்டுச் செலவுக்கெண்டு ஐயாயிரம் ரூபா வேறை குடுத்தனான்."

"நான் அந்தச் சீவனுக்காக மாதா கோயிலிலை பூசை ஒப்புக்குடுத்தனான், அண்ணை! பேர் சொல்லி வாசிச்சவை!"

யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் தங்கம் ரீச்சர் வாசிப்பதை நிறுத்தியிருப்பதைக் கவனித்தேன். கடைசி வரியில் கண்ணை வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாகச் சத்தமில்லாமல் வாசித்தார். குசினி வாசலில் சுகந்தி பலகாரத் தட்டோடு நின்றாள்.

"மிச்சத்தையும் வாசியுங்கோ, ரீச்சர்" என்றாள்.

ரீச்சர் வாசிக்கவில்லை. கடுதாசியை நீட்டினார். சுகந்தி தட்டை வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். அதில் என்ன இருந்தது என்பது எனக்கு மனப்பாடம். 'பதக்கச் சங்கிலி அடகு, இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம். வட்டி கட்டாவிட்டால் வருகிற வெள்ளி ஏலம். குறிப்பு: சுகந்தி திரும்பக் கேட்கமாட்டாள். நம்புகிறாள்.'

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"கரண்ட் இல்லாமல், அடுப்புக்குக் காஸ் இல்லாமல் இருந்த நாளெல்லாம் எனக்குப் பயம் வரேல்லை" என்றாள். "எல்லாம் போனாலும் அம்மான்ரை சங்கிலி வங்கியிலை இருக்கெண்டு நினைச்சன். காசு போனால் போகட்டும். நான் நம்பிறதையும் ஒரு வசதியெண்டெல்லோ எழுதி வச்சிருக்கிறியள்."

எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. வெட்கத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. அது உண்மைக் கண்ணீர். ஆனால் பட்டியல் வாசிக்கப்பட்ட பிறகு என் கண்ணீரை அந்த விறாந்தையில் யார் நம்புவார்கள்? பொன்னம்பலம் அண்ணை மூன்றாம் தரம் என்பதுபோலப் பார்த்தார்.

கடைசியில் வாயைத் திறந்தவர் ஜெசிந்தா அக்காதான். "இஞ்சை பார் தம்பி. ஒளிச்சுத் திரியிறதுக்கு நீ பட்ட பாட்டைச் சீட்டுக் கட்டப் பட்டிருந்தால் எப்பவோ முடிஞ்சிருக்கும். இப்ப எல்லாரும் ஒரு பாயிலை இருக்கிறம். உன்ரை மாசச் சம்பளம் எவ்வளவு?"

சொன்னேன்.

"செலவு?"

என்வலப் முறையை விளக்கத் தொடங்கினேன். "உதைக் கொண்டுபோய் அடுப்பிலை போடு" என்றார். "கையிலை விக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

"மெசின் இருக்கு. ஆனால் அக்கா, அது மூண்டரை இலட்சம் பெறுமதியான சொத்து. நாடு சரிவந்தால் திரும்ப..."

"மாட்டுக் கொட்டிலுக்கை நிண்டு புல்லுத் தின்னுது, அது சொத்தோ? வித்துப்போடு!"

கலியாணக் கொப்பியின் பின்பக்கத்தில், என் கையாலேயே, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். மெசினை உடனே விற்று, முதலில் அடகு வட்டி. ஸ்கூட்டரைத் திருப்பிக் கொடுத்து லீசிங்கைப் பேசி முடிப்பது. பொன்னம்பலம் அண்ணை இரண்டு வருடம் வட்டியில்லாமல் பொறுப்பார், பதிலுக்குச் சனிக்கிழமைகளில் அவருடைய கடைக் கணக்கை நான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜெசிந்தா அக்காவின் சீட்டுக்காசு மாதம் முதலாம் திகதி, சாட்டில்லாமல். சம்பளம் முழுவதும் சுகந்தியின் கையில். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். சாட்சிக் கையெழுத்து தங்கம் ரீச்சர். (எழுத்துப்பிழை இரண்டு திருத்தித் தந்தார்.)

எழும்பும்போது பொக்கற்றிலிருந்த ஐயாயிரத்தை எடுத்து நீட்டினேன். பொன்னம்பலம் அண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

"உது கலியாணக் காசோ, செத்தவீட்டுக் காசோ?"

"கலியாணக் காசு, அண்ணை" என்றாள் சுகந்தி. "செத்தவீட்டுக் காசு அடுத்த மாசம் தருவம்."

கொப்பியை வாங்கி அவரே எழுதினார்: 'சிவநேசன் குடும்பம், ஐயாயிரம். உள்ளே பார்த்தது.'

அடுத்த நாள் காலை சுகந்தி என்னைப் புத்தூருக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். பெரியம்மா வெங்காயத்துக்குப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். வரம்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆவணி, சித்திரை, மார்கழி. பெரியம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். அடி விழும் என்று எதிர்பார்த்தேன்.

"பூசை வச்சவ எந்த மாசம்?" என்றார்.

"சித்திரை."

"அதுதான் பார், சித்திரைக்குப் பிறகு எனக்கு முழங்கால் நோகேல்லை. அந்தப் பிள்ளைக்கு ரெண்டு கிலோ வெங்காயம் கொண்டுபோய்க் குடு."

மெசின் புதன்கிழமை போனது. சுன்னாகத்து ஆள் ஒருவர் மூன்றிலொரு பங்கு விலைக்குத் தூக்கினார். ஏற்றும்போது பிடியை ஒருதரம் இழுத்துப் பார்த்தேன், ஒரு பல்லி வந்தது. வியாழக்கிழமை அடகு வட்டியைக் கட்டினோம், வெள்ளிக்கிழமை ஏலத்தில் எங்கள் சங்கிலி இல்லை. ஸ்கூட்டர் போய் சைக்கிள் வந்தது. திங்கட்கிழமை அந்தச் சைக்கிளில் பெரிய றோட்டால் ரியூட்டரிக்குப் போனேன். பொன்னம்பலம் அண்ணையின் கடை வந்தபோது பழக்கத்தில் கை ஒழுங்கைப் பக்கம் திருப்பப் பார்த்தது. மணியை அடித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "சனிக்கிழமை எட்டு மணி!" என்றார். ஐந்து நிமிடத்தில் வகுப்பில் நின்றேன். இத்தனை நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடன் எல்லாம் கட்டி முடிக்க இரண்டு வருடமும் நான்கு மாதமும் எடுத்தது. சுகந்தியின் நிர்வாகத்தில் எனக்குக் கிடைத்தது நாளுக்கு ஒரு பிளேன்ரீக் காசு. முதல் மூன்று மாதம் அவள் என்னோடு அளவாகத்தான் பேசினாள். ஒவ்வொரு முதலாம் திகதியும் சீட்டுக்காசு கட்டிய துண்டை அவளிடம் கொடுப்பேன். வாங்கி, திருப்பிப் பார்த்து, தையல் பெட்டிக்குள் வைப்பாள். ஒருநாள் திருப்பிப் பார்க்காமல் வைத்தாள். அந்த நாளை நான் மறக்கவில்லை.

சங்கிலியை மீட்ட அன்றைக்கு அவள் அதை வங்கி வாசலிலேயே கழுத்தில் போட்டுக்கொண்டு, புத்தூர் பஸ் எடுப்போம் என்றாள். பெரியம்மா பதக்கத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப இனி எனக்குச் சாவில்லை எண்டு சொல்லு."

இன்றைக்கும் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் என் என்வலப்பை வாசலில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறார்கள். ஜெசிந்தா அக்கா சந்தையில் என்னைக் கண்டால் நாலு கடை கேட்க, "பெரியம்மா சுகமோ?" என்று கத்துவார். எங்கள் வீட்டில் ஒரு சட்டமும் உண்டு. கடனுக்கு எதையும் எடுப்பதானால் பெரியம்மாவிடம் அனுமதி கேட்க வேண்டும்.

போன மாதம் ஒரு உடுப்புத் தோய்க்கிற மெசினைத் தவணைக்கு எடுக்கலாம் என்று எனக்கொரு யோசனை வந்தது. மாதம் சிறிய தொகைதான். சுகந்தி ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்துப் புத்தூருக்கு அடித்து, என் காதில் வைத்தாள். விஷயத்தைச் சொன்னேன். பெரியம்மாவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது.

"தம்பி, இது வெங்காயம் கிண்டிற நேரம்" என்றார். "இப்ப சாக எனக்கு நேரமில்லை."

உடுப்பை இன்னும் கையால்தான் தோய்க்கிறோம். நான்தான் தோய்க்கிறேன்.